பீரோவுக்குள் வைத்த ஜாம்

மூடியின் நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். 'டிக்' என்று உள்ளே போன தகடு, விரலை எடுத்ததும் மறுபடியும் மேலே வந்தது.

ஒழுங்காக அடைத்த பாட்டிலின் மூடி அப்படிப் பேசாது. கொதிக்கக் கொதிக்க ஜாமை வாய்வரை ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால், ஆறும்போது தகட்டின் நடுப்பகுதி தானாகவே உள்வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அது அசையக் கூடாது. அசைந்தால், இடையில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள் என்று பொருள். அவள் அடுக்கில் இருந்த பாட்டில்களை வரிசையாக அழுத்திக்கொண்டே போனாள். மேலும் இரண்டு மூடிகள் பேசின. அந்த மூன்று பாட்டில்களிலும் ஜாமின் நிறம் மற்றவற்றைவிட ஒரு படி கருத்திருந்தது.

அவள் கூச்சல் போடவில்லை. மூன்றையும் அடுக்கின் பின்பக்கம் தள்ளிவைத்துவிட்டு, ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, முன்னறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நாத்தனாரை எட்டிப் பார்த்தாள். நாத்தனார் தலை நிமிரவில்லை. நிமிராததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆரஞ்சுப் பழத்தோடு அதன் தோலையும் அரிந்து போட்டுக் காய்ச்சும் ஜாம்தான் அவள் தொழில்; தெருவில் அவளுக்கு ஜாம்காரி என்றே பெயர். வீட்டின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறைதான் அவளுடைய சமையற்கூடம். அங்கே இரண்டு அடுப்புகள், அடி கனத்த ஓர் அகன்ற பாத்திரம், தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கம் சரிந்துபோன மரக்கரண்டி. அவ்வாண்டு மழை விட்டபாடில்லை. கூரையில் விழும் மழையும் பாத்திரத்தில் எழும் கொதியும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கும் இரைச்சலில், அங்கே வேலை செய்பவர்கள் எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே உள்ள காகித ஆலை, ஆண்டு முடிவில் விடுமுறை விடும்போது, தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசுப் பெட்டி கொடுப்பது வழக்கம். அதுவரை எங்கோ தொலைவிலிருந்து வந்த தகர டப்பாக்களே அப்பெட்டியை நிரப்பின. அவ்வாண்டு, பெட்டியில் இருப்பவை யாவும் உள்ளூரில், வீட்டில், கையால் செய்தவையாகவே இருக்க வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. நல்ல அறிவிப்புத்தான். ஆனால், அது வெளியான மறுவாரமே, அதுவரை அடுப்பையே பற்றவைத்திராத கடைகளில்கூட 'கையால் செய்தது' என்று அச்சடித்த சீட்டுகள் முளைத்துவிட்டன. எந்திரத்தில் பிழிந்த சர்பத்துக்கு மண்பானைப் படம் ஒட்டினார்கள். பொய்க்கு ஒரு பட்டு நாடாவைக் கட்டிவிட்டால் அது பரிசாகிவிடும் என்று நம்புகிற காலம் இது. வாங்குபவரும் நாக்கை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார்.

பிஸ்கட்டுக்கு ரொட்டிக்கடை என்பதும், இஞ்சிச் சர்பத்துக்கு ஆற்றங்கரை வீடு என்பதும் முடிவாகிவிட்டன. ஜாமுக்குத்தான் போட்டி. ரொட்டிக்கடைக்காரரும் புதிதாக ஜாம் போடத் தொடங்கியிருந்தார். விடுமுறையில் பிள்ளைகள் விரலால் வழித்துத் தின்ற ஜாமையே பெற்றோர் ஆண்டு முழுவதும் கடையில் கேட்டு வாங்குவார்கள். மற்ற ஜாம் அலமாரியில் தூசி படியும். பெட்டி கைநழுவினால் பின்கட்டு அடுப்பை அணைத்துவிட்டு, கணவனை ஆலை வாசலுக்கு மூட்டை தூக்க அனுப்ப வேண்டியதுதான். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

யாருக்கும் தெரியாத வேறொன்றும் இருந்தது. மழையின் தொடக்கத்தில் வந்த காய்ச்சல் அவளை விட்டுப் போனபோது, அவளுடைய நாக்கையும் மூக்கையும் உடன் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பி வெந்நீராயிற்று. வெங்காயம் ஈரக் காகிதமாயிற்று. இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. அதைக் கணவனிடமும் சொல்லவில்லை. ஜாம்காரிக்கு ருசி தெரியவில்லை என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், ஊர் முழுவதும் சொல்லும். ஆகவே அவள் முகங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டில் கணவனின் புருவம் சுருங்கினால் உப்பு அதிகம். தண்ணீர்க் குவளையைத் தேடினால் காரம். அடுப்படியில் பழைய அளவை நம்பினாள். ஜாம் பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் அது சுருக்கம் காட்ட வேண்டும். காட்டியது. அவள் போட்ட ஜாம் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பொன்னிறமாக முன்னெப்போதும் வந்ததில்லை.

ஒன்றை மறைத்து வைத்திருப்பவருக்கு, வீட்டில் உள்ள ஒவ்வொரு கண்ணும் தம்மையே வேவு பார்ப்பதாகத் தோன்றும். நாத்தனாரின் கண்களை அவள் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

நாத்தனாருக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். திருமணமாகியும் அப்பெயர் போகவில்லை. கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். அதற்கு முன்பு ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். அந்த ஒரு செய்தி, இப்போது ஜாம்காரியின் மனத்தில் முள்ளாய்க் குத்தியது.

"அண்ணி, தோலை இன்னொரு தண்ணி மாத்தி வேகவைக்கலாமா?" என்றாள் பாப்பா அன்று மாலை. "இந்த வருசம் மழைப் பழம். தோல் தடியா இருக்கு."

"எப்பவும் ஒரு தண்ணிதான்."

"இல்ல, சும்மா ஒரு கொதி..."

"ரொட்டிக்கடையில அப்படித்தான் செய்யறாங்களா?"

பாப்பா மரக்கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க நான் காசுதான் வாங்கிப் போட்டேன் அண்ணி. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது."

"தெரியாதவ எதுக்குப் பேசறே? உரி."

பாப்பா உரித்தாள். ஆனால், உரிப்பதற்கு முன் அவள் அண்ணியின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தை ஜாம்காரி விட்டுவிடவில்லை.

மறுநாள் பாட்டில்காரர் வந்தார். வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவருடைய வாய் இறங்கிவிடும்.

"என்னக்கா, ஆலைக்காரங்க நேர்லயே வர்றாங்களாமே! பாட்டிலப் பாருங்க, மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சுக்கலாம்."

"பொட்டு இருக்கட்டும். போன தடவை குடுத்த மூடி சரியில்ல. தளருது."

"அக்கா, என்னை என்ன வேணா சொல்லுங்க. என் மூடியச் சொல்லாதீங்க. நேத்துப் பொறந்த மூடியா அது? ஒரு தடவை திறந்த மூடியத் திரும்பப் போட்டா அது எப்படி இறுகும்? அதான் பாப்பாவும் புது மூடி கேட்டு வந்தாங்க. கையில இருந்ததைக் குடுத்தேன், பத்தலைன்னாங்க."

"எந்தப் பாப்பா?"

"உங்க நாத்தனாருதான். தனியா வந்து, 'அண்ணிகிட்டச் சொல்ல வேணாம்'னு..." பாட்டில்காரர் தம் வாயைத் தாமே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "ஐயையோ! நான் சொல்லல அக்கா. நீங்களும் கேக்கல."

"நான் எதையும் கேக்கல," என்றாள் ஜாம்காரி. பாட்டில்களை எண்ணாமலேயே இறக்கிக்கொண்டாள்.

அன்று பகல், பாப்பாவின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து, அடுக்கில் இருந்த ஒவ்வொரு பாட்டிலிலும், மூடியும் கண்ணாடியும் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தாள். மூடியைத் திருகினால் கோடு முறியும். பிறகு, "பழம் வாங்கப் போறேன், வர நேரமாகும்," என்று உரக்கச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பாப்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூடையை இறக்காமலேயே ஜாம்காரி பின்கட்டுக்குப் போனாள். பாதிப் பாட்டில்களில் கோடு முறிந்திருந்தது. சிலவற்றில் கோடே இல்லை, புது மூடிகள். அடுப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இன்னும் தணியவில்லை.

ஒரு பாட்டிலைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். என்ன கலந்திருக்கிறாள்? உப்பா, சோடா மாவா, பழைய பழமா? நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் வைத்துப் புரட்டினாள். பிசுபிசுப்பு மட்டும் தெரிந்தது. தன் வாய்க்குள்ளேயே இருக்கும் குற்றத்தைத் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கணவனைக் கூப்பிட்டுச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் ஜாம் வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லி, அவன் அதைத் தொட்டே பல காலம் ஆகியிருந்தது. அவனை வற்புறுத்தினால், 'ஏன், உன் நாக்கு எங்க போச்சு?' என்பான். விளையாட்டாகத்தான் கேட்பான். அந்த விளையாட்டைத் தாங்க அவளால் முடியாது.

மறுநாள் பாப்பாவை ஏதோ காரணம் சொல்லித் தையற்கடைக்கு அனுப்பிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து, தன் கையாலேயே பழம் உரித்து, தோலை மெல்லிய இழைகளாக அரிந்து, ஒரு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டி, சர்க்கரையை அளந்து, புதிதாக ஒரு பாத்திரம் ஜாம் போட்டாள். தட்டில் விட்ட சொட்டு அழகாகச் சுருங்கியது. அடைத்த பாட்டில்களில் ஒன்றைத் துணியில் சுற்றி, பீரோவில் துணிமணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

சட்டை எடுக்க வந்த கணவன் திகைத்து நின்றான். "ஜாமுக்குப் பீரோவா? அப்ப என் சட்டைய எங்க வைக்கறது, சர்க்கரை டப்பாவுலயா?"

"மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? ஜாம் தூங்குதா?"

"உங்க தங்கச்சி பாட்டிலத் திறக்கறா."

"திங்கறதுக்கா? கேட்டா நீயே குடுப்பியே."

"திங்கறதுக்கு இல்ல. கெடுக்கறதுக்கு. நான் வெளிய போனதும் அடுப்புப் பத்தவச்சு என்னமோ பண்றா. பாட்டில்காரர்கிட்டத் திருட்டுத்தனமா மூடி வாங்கியிருக்கா. ரொட்டிக்கடை உப்பு இன்னும் அவ உடம்புல இருக்குங்க."

கணவன் கட்டிலில் உட்கார்ந்தான். தங்கையை நம்புவதா, மனைவியை நம்புவதா என்ற கேள்வி எழும் வீடுகளில், ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டையும் தள்ளிப்போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். அவனும் தேடினான். "ஆலைக்காரர் வந்துட்டுப் போகட்டும்," என்றான். "அதுக்கப்புறம் கேக்கலாம்."

"அதுக்கப்புறம் கேக்க என்ன மிஞ்சியிருக்கும்?" என்றாள் அவள். அவன் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிவிட்டான்.

ஆலையின் கொள்முதல் அதிகாரி மறுநாள் காலை மழையினூடே வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் பேனாவோடு ஒரு கரண்டியும் செருகியிருந்தார். வணக்கம் சொன்ன கையோடு நேரே பின்கட்டுக்குப் போய், அடுப்பின் பக்கச் சுவரில் விரலைத் தேய்த்துக் கரியைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார். "எல்லாரும் வீட்டுல செஞ்சதுன்னுதான் சொல்றாங்க. போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். அடுப்பே இல்ல. கேட்டா, 'அது பழுது பாக்கப் போயிருக்கு'ங்கறாங்க. இவ்வளவு பெரிய அடுப்பத் தலையில தூக்கிட்டா போனாங்க?"

கணவன் தேவைக்கு அதிகமாகச் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை, அடுக்கில் நாடா கட்டி வைத்திருந்த ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சீட்டை நகத்தால் சுரண்டினார். முன்னறை மேசையில் பாப்பா ஒரு தட்டும் ரொட்டித் துண்டுகளும் அடுக்கிலிருந்து எடுத்த ஒரு பாட்டிலும் ஏற்கெனவே வைத்திருந்தாள். கருத்த ஜாம்.

ஜாம்காரி அந்தப் பாட்டிலை ஒதுக்கித் தள்ளினாள். "அது வேணாம் ஐயா. நல்லது உள்ள வச்சிருக்கேன்."

பீரோச் சாவி திரும்பும் ஓசை கேட்டதும் பாப்பா கதவருகே ஓடிவந்தாள். "அண்ணி, அது வேணாம். இதையே குடுங்க."

"ஏன் வேணாம்?"

"சொன்னாக் கேளுங்க அண்ணி. கையெடுத்துக் கும்பிடறேன்."

"தெரியும்டி," என்றாள் ஜாம்காரி, பற்களுக்கிடையே. "இது ஒண்ணுதான் உன் கை படாதது. அதான் பதறுது உனக்கு."

பாப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. வழி விட்டாள்.

பீரோ ஜாம் மேசைக்கு வந்தது. கண்ணாடிக்குள் வெயிலைப் பிடித்து அடைத்தாற்போல மின்னியது. அதிகாரிகூட, "நிறம் பரவாயில்லையே!" என்றார். தம் கரண்டியைத் துடைத்து, அள்ளி, வாயில் வைத்தார். வைத்தவர் அசையவில்லை. மென்று விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், சன்னலைப் பார்த்தார்.

ஜாம்காரி அந்த முகத்தைப் படிக்க முயன்றாள். புதிய முகம், அதன் எழுத்துகள் அவளுக்குப் பழக்கமில்லை. பெரிய மனிதர்கள் ருசியை இப்படித்தான் ஆராய்வார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டாள். அவருக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டும் என்று தானும் ஒரு கரண்டி நிறைய அள்ளிச் சாப்பிட்டு, கண்ணை மூடித் திறந்து, "இந்த வருசத்துலயே இதுதாங்க அருமையா வந்திருக்கு," என்று புன்னகைத்தாள்.

அதிகாரி ஒருவழியாக விழுங்கினார். "அம்மா, நீங்க இப்ப இதைத்தான் சாப்பிட்டீங்களா?"

"ஆமாங்க."

"வேப்பங்காயா இருக்கே!"

கணவன் மேசையிலிருந்த கரண்டியை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் அவள் நன்றாகப் படித்துப் பழகிய முகம். அது சொன்னதை அவள் ஓர் எழுத்து விடாமல் படித்தாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "வெளியில அழகா இருக்கறதப் பெட்டியில போட்டுட்டு, உள்ள இருக்கறத யார் திங்கறது? நான் ரொட்டிக்கடையில..."

"ஐயா, அது நான் போட்டது," என்றாள் பாப்பா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் பழகிக்கறதுக்காகப் போட்டது. தோலை ஒரே தண்ணியில வேகவச்சுட்டேன், கசந்துபோச்சு. பாட்டில் மாறிடுச்சு. அண்ணி போட்டது இதோ, இது." கருத்த ஜாமை அவர் பக்கம் நகர்த்தினாள். "அண்ணி மரியாதைக்காக அதை நல்லாருக்குன்னு சொன்னாங்க. என்னை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு."

அதிகாரி அவளை ஐயத்தோடு பார்த்தார். பாட்டிலை ஐயத்தோடு பார்த்தார். பிறகு ரொட்டித் துண்டில் தடவி ஒரு கடி கடித்தார். இன்னொரு கடி கடித்தார். கேட்காமலேயே இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார். கசப்பு எங்கோ தொலைவில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவில் நின்று, இனிப்பைத் திகட்டவிடாமல் காத்தது போலும். அவருடைய தோள்களே தளர்ந்து இறங்கின.

"இது ஜாம்," என்றார். "சரி. பெட்டிக்கு இதையே எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு." கரண்டியால் பாப்பாவைச் சுட்டினார். "பெட்டிக்குப் போற ஜாம் முடியற வரைக்கும் இந்தப் பொண்ணு அடுப்புப் பக்கமே வரக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா இப்பவே எழுதிடறேன்."

பாப்பா தலையசைத்தாள். "வர மாட்டேங்க."

ஜாம்காரி மேசையில் இருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தாள். கருத்த பாட்டிலின் கழுத்தில் முறிந்த நகப்பூச்சுக் கோட்டின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுத்த கோடு. ஆகவே, அவள் போட்ட ஜாம். திறந்து, தோலை வடித்து எடுத்து, மறுபடி வேகவைத்து, மறுபடி காய்ச்சி, மறுபடி அடைத்த ஜாம். ஒரு சொல்லும் சொல்லாமல் அவள் சம்மதித்துவிடலாம். பெட்டி கிடைத்துவிடும். எழுதுவதற்காக அதிகாரி பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

"அவ வரலன்னா இந்த ஜாம் வராதுங்க," என்றாள் ஜாம்காரி.

"என்னம்மா சொல்றீங்க?"

"ரெண்டுமே நான் போட்டதுதான். கசப்பா இருந்ததை எனக்குத் தெரியாம அவ திருத்தியிருக்கா. எனக்கு ருசி தெரியலைங்க. காய்ச்சலுக்கு அப்புறம் வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல." கடைசிச் சொற்களைக் கணவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தான்.

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. ஒருத்தர் தான் போட்டதுங்கறார், ஒருத்தர் இல்லைங்கறார். நான் யாரை நம்பறது?" பேனாவை மூடினார், திறந்தார். மறுபடியும் ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார். நம்பிக்கை வராதபோதும் அவருடைய கை கருத்த பாட்டிலுக்கே போயிற்று. "பாதிப் பெட்டிக்கு உங்க ஜாம். மீதிப் பாதி ரொட்டிக்கடை. ஒவ்வொரு பாத்திரத்துலயும் ஒரு பாட்டிலை நானே வந்து திறந்து பாப்பேன். ஒண்ணு கசந்தாலும் எல்லாம் திரும்பி வரும். அடுத்த வருசம் என்னன்னு அடுத்த வருசம் பாக்கலாம்."

போகும்போது அந்தப் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் பாப்பா ரொட்டித் தட்டை எடுத்து வைத்தாள். பிறகு ஜாம்காரி கேட்டாள்: "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு நாள் உங்க காப்பியில சர்க்கரை போட மறந்துட்டேன் அண்ணி. எப்பவும்னா வீடு ரெண்டாகியிருக்கும். நீங்க பேசாமக் குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சீங்க." பாப்பா மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். "அப்புறம் நம்ம ஜாம் விக்கிற கடைக்காரர், கசக்குதுன்னு ரெண்டு பாட்டிலத் திருப்பிக் குடுத்தாரு. நல்ல வேளை, என் கையில குடுத்தாரு."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? நான் உன்னை என்னன்னு நினைச்சேன் தெரியுமா?"

"தெரியும். சொன்னா, ஒட்டிக்கிட்டு இருக்கறவ என் கையைக் குறை சொல்றாளான்னு அனுப்பிடுவீங்களோன்னு பயம். நான் வேற எங்க போறது?"

ஜாம்காரி பீரோ ஜாமின் மூடியை எடுத்து மூடினாள். அனுப்பியிருப்பாள், அது பொய் அன்று.

"என்கிட்டயாவது ரெண்டு பேர்ல யாராவது சொல்லியிருக்கலாம்," என்றான் கணவன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேண்ணா," என்றாள் பாப்பா. "நீ செருப்பைத் தேடிட்டு இருந்தே."

அன்று மாலையே பின்கட்டு அடுப்பு மூண்டது. தோல் இழைகள் முதல் கொதியில் வெந்து நிறம் வெளுத்தன. ஜாம்காரி கரண்டி நுனியில் ஓர் இழையை எடுத்து, ஊதி ஆறவைத்து, தட்டில் வைத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

பாப்பா மென்றாள்.

கடந்த மாதங்களில் எந்த வாய் மென்றாலும் அந்த முகத்தையே கண்கொட்டாமல் பார்ப்பது ஜாம்காரிக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அன்று அவள் பார்க்கவில்லை. பாத்திரத்தின் இரு காதுகளிலும் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தகரக் கூரையின் இரைச்சலுக்கு மேல் குரல் எழும்பக் காத்து நின்றாள்.

"இன்னொரு தண்ணி மாத்தணும் அண்ணி."

"என்ன?"

"இன்னொரு தண்ணி!"

ஜாம்காரி பாத்திரத்தைச் சாய்த்து, கசந்த நீரைக் கடைசிச் சொட்டுவரை கொட்டினாள்.